பழைய எண் 6, புதிய எண் 5

கருப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில், அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொல்லும், மினுக்கிக்கொண்டே இருக்கும் ஒரு கோடும். பத்து நிமிடம் முன்புவரை நன்றாக ஓடிய லேப்டாப்தான். விண்டோஸுக்குள் போய், சும்மா கிடந்த ஒரு டிரைவை, அதாவது டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதியை (அதுதான் பார்ட்டிஷன்), அழித்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. விண்டோஸோடு சேர்த்து நிறுவியிருந்த உபுண்டு என்ற லினக்ஸ் இருந்த பக்கமே போகவில்லை. ஆனாலும் உபுண்டு வரவில்லை. கொடுமை என்னவென்றால், விண்டோஸும் வரவில்லை.

அன்று எல்லாம் போச்சு என்று நினைத்து, இரண்டையும் அடியிலிருந்து மறுபடி நிறுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பிறகுதான் தெரிந்தது, உபுண்டுவின் ஒரு கோப்புகூடத் தொலையவில்லை என்று. கதவு எண் மட்டும்தான் மாறியிருந்தது. சென்னையில் வாசலுக்கு வாசல் 'பழைய எண், புதிய எண்' என்று எழுதி வைத்திருப்பார்களே, அந்தக் கதைதான். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தபால்காரர் கையில் இருப்பது பழைய எண்.

யார் அந்தத் தபால்காரர் என்று பார்க்க, பவர் பட்டனிலிருந்து தொடங்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் விழித்துக்கொள்வது மதர்போர்டில் இருக்கும் பயாஸ். அதற்குக் கோப்பு, ஃபோல்டர் எதுவும் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட்டை, எடுத்து நினைவகத்தின் 31,744-வது இடத்தில் வைக்கத் தெரியும். அதன் கடைசி இரண்டு பைட்டும் 85, 170 என்று இருக்கின்றனவா என்று பார்க்கத் தெரியும். இரும எண்ணில் இவை 01010101, 10101010. ஒன்றும் பூஜ்யமும் மாறிமாறி வரும் கோலம். குறி சரியாக இருந்தால், அந்த 512 பைட்டிடம் கணினியை ஒப்படைத்துவிட்டு பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும்.

அந்த 512-க்குள்தான் இரண்டு குடித்தனம். முதல் 446 பைட், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நிரல். அதற்குப் பின்னால் 64 பைட்டில் பார்ட்டிஷன் பட்டியல். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்றால், நாலு பேருக்குத்தான் இடம். 1983-ல் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டிக்கும், அதனுடன் வந்த பிசி டாஸ் 2.0-க்கும் செய்த ஏற்பாடு இது. 10 மெகாபைட்டை நாலுக்கு மேல் யார் பிரிக்கப்போகிறார்கள்? ஆனால் டிஸ்க் பெருத்துக்கொண்டே போனது. 1987-ல் டாஸ் 3.3 ஒரு குறுக்கு வழி கண்டது: நாலில் ஒன்றை 'எக்ஸ்டெண்டட்' என்று அறிவித்து, அதற்குள் வேண்டிய அளவு 'லாஜிக்கல்' பார்ட்டிஷன்களைப் போட்டுக்கொள்ளலாம்.

வினை இங்கேதான் ஆரம்பம். முதல் நாலும் பட்டியலில் ஆளுக்கொரு கட்டம் வாங்கியவை. இரண்டாவதை அழித்தால் அதன் கட்டம் காலியாகும். மூன்றாவது மூன்றாவதாகவே இருக்கும். லாஜிக்கல்களுக்கு அப்படிக் கட்டம் கிடையாது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குட்டி செக்டர் இருக்கிறது. தன் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது, அடுத்த குட்டி செக்டர் எங்கே இருக்கிறது என்பவை மட்டும் அதில் எழுதியிருக்கும். லினக்ஸ் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய் 5, 6, 7 என்று எண்ணிக்கொள்கிறது. ரேஷன் கடை வரிசை மாதிரிதான். முன்னால் நின்றவர் போய்விட்டால், பின்னால் இருப்பவர் நகராமலே ஒரு இடம் முன்னேறிவிடுவார். நான் அழித்த டிரைவ் 5. உபுண்டு இருந்தது 6. அழித்த நொடியில் உபுண்டு 5 ஆகிவிட்டது.

இது க்ரப்புக்குத் தெரியாது. லினக்ஸ் நிறுவியவர்கள் கணினியைத் திறந்ததும் பார்க்கும் 'உபுண்டுவா, விண்டோஸா' என்ற பட்டியலைக் காட்டுவது க்ரப்தான். அதன் முதல் துண்டு அந்த 446 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அவ்வளவு சின்ன இடத்தில், லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பமைப்பைப் படிக்கும் நிரலைத் திணிக்க முடியாது. அதனால் அது ஒரே ஒரு செக்டர் எண்ணை மட்டும் மனதில் வைத்திருக்கிறது. அந்த எண்ணுக்குப் போனால் இரண்டாவது துண்டு இருக்கும். முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் யாரும் உரிமை கொண்டாடாத ஒரு சந்து இருக்கிறதே, அங்கேதான் அது குடியிருக்கிறது. பழைய டிஸ்க்குகளில் இந்தச் சந்தின் அகலம் 62 செக்டர், அதாவது 31,744 பைட். மேலே சொன்ன நினைவக எண்ணும் இதே எண் என்பது வெறும் தற்செயல். இப்போதெல்லாம் முதல் பார்ட்டிஷனை 1 மெகாபைட் தள்ளித்தான் தொடங்குகிறார்கள், சந்து விசாலம்.

இந்த இரண்டாவது துண்டுக்கு இஎக்ஸ்டி4 படிக்கத் தெரியும். மெனு, படங்கள், மற்ற உதவி நிரல்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்பதும் அதில் எழுதியிருக்கும். நிறுவிய அன்று எழுதியது: '6-வது பார்ட்டிஷன், பூட் ஃபோல்டர், அதற்குள் க்ரப் ஃபோல்டர்.' இப்போது 6 என்று ஒன்று இல்லை. விண்டோஸ் ஏன் வரவில்லை என்பதற்கும் இதுவே பதில். விண்டோஸைக் கூப்பிடும் வரியும் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் மெனுவில்தான் இருக்கிறது.

ரெஸ்க்யூ என்ற அந்தத் திரை பார்க்கப் பயமாக இருந்தாலும் நல்ல பிள்ளை. அதற்கு நாலே நாலு கட்டளைகள்தான் தெரியும்: எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட். எல்எஸ் என்று தட்டினால் கண்ணுக்குப் பட்ட பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும். ஒவ்வொன்றாக அதே எல்எஸ் கொண்டு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். சிலவற்றில், இது எனக்குப் புரியாத கோப்பமைப்பு என்று கைவிரிக்கும். ஒன்றில் பூட், ஹோம், யூஎஸ்ஆர் என்று ஃபோல்டர் பெயர்கள் வரிசையாக வரும். அதுதான் நம் வீடு. செட் கட்டளையால் ப்ரீஃபிக்ஸ் என்ற மாறியில் 6-க்குப் பதில் 5 என்று எழுதிவிட்டு, இன்ஸ்மாட் கொண்டு நார்மல் என்ற நிரலை ஏற்றி, கடைசியில் நார்மல் என்று தட்டினால் பழைய மெனு வந்து நிற்கும்.

மெனுவுக்குள்ளும் பழைய 6 எழுதியிருக்குமே, அங்கே ஏன் தடுக்காது? எழுதித்தான் இருக்கும். ஆனால் அடுத்த வரியிலேயே 'இந்த யூயூஐடி எங்கே இருக்கிறது என்று தேடு' என்றும் எழுதியிருக்கும். யூயூஐடி என்பது கோப்பமைப்பை உருவாக்கும்போதே அதன் உடம்பில் பதிந்துவிடும் 128 பிட் அடையாளம். கதவு எண் மாறினாலும் மச்சம் மாறாது. சந்தில் இருந்த துண்டு எண்ணை நம்பியது. மெனு மச்சத்தை நம்புகிறது.

ஆனால் நாம் திருத்தியது நினைவகத்தில் மட்டும்தான். மறுபடி அணைத்துப் போட்டால் பழைய குருடி கதவைத் திறடி. உபுண்டுவுக்குள் போனதும் க்ரப்-இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்து, சந்தில் இருக்கும் துண்டைப் புதிதாக எழுத வேண்டும். அதை எஸ்டிஏ என்ற முழு டிஸ்க்குக்குக் கொடுக்க வேண்டும், எஸ்டிஏ5 என்ற பார்ட்டிஷனுக்கு அல்ல. இந்த ஒரு எண்ணைச் சேர்த்துத் தட்டிவிட்டு, சரியாகவில்லையே என்று புலம்புகிறவர்கள் நிறைய.

இன்னொரு தடங்கலும் வரலாம். உபுண்டு பாதி எழுந்து ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருக்கும், பிறகு எமர்ஜென்சி மோட் என்று சொல்லி நின்றுவிடும். எஃப்எஸ்டேப் என்ற கோப்பில், திறக்கும்போதே எந்தெந்தப் பார்ட்டிஷன்களை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. அழித்த டிரைவின் பெயர் அதில் இருந்தால், இறந்தவருக்கு இலை போட்டுவிட்டுக் காத்திருக்கும். அந்த வரியின் முன்னால் ஒரு # குறி போட்டால் போதும்.

புதிய கணினிகளில் பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ. பட்டியலும் ஜிபிடி என்ற புது வகை. அதில் 128 கட்டங்கள். ஒன்றை அழித்தாலும் மற்றவற்றின் எண் நகராது. பட்டியலின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கிறது. யூஇஎஃப்ஐக்குக் கோப்பும் படிக்கத் தெரியும், ஆனால் ஃபேட் வகையை மட்டும். அதற்காகவே பெரும்பாலும் 100 மெகாபைட் அளவில், பெயரில்லாமல், எதற்கும் உதவாதது போல ஒரு பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். இடம் மிச்சம் பிடிக்கக் கிளம்பியவர்கள் கை வைப்பது சரியாக அதன்மேல்தான். அது போனாலும் சி டிரைவில் இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் போய், அதே அளவில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்றை மறுபடி அமைத்து, பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்தால், தேவையான கோப்புகளை விண்டோஸ் ஃபோல்டரிலிருந்தே எடுத்து நிரப்பிக்கொள்ளும்.

தவறான பார்ட்டிஷனையே அழித்துவிட்டால்? அப்போதும் பட்டியலில் ஒரு வரிதான் போயிருக்கிறது. பட்டா தொலைந்தால் நிலம் தொலைந்துவிடாது. எல்லைக்கல்லைத் தேடி அளந்துகொள்ளலாம். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் அந்த சர்வேயர் வேலையைச் செய்கிறது. இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் தொடங்கி 1,024 பைட் தள்ளி அதன் தலைப்புப் பகுதி இருக்கும். மொத்த அளவும் அதிலேயே எழுதியிருக்கும். விண்டோஸின் கோப்பமைப்பான என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டரின் நகலைக் கடைசி செக்டரில் ஒளித்து வைத்திருக்கும். தொடக்கமும் நீளமும் கிடைத்தால் பட்டியலில் அந்த வரியைத் திரும்ப எழுதிவிடலாம். அதற்கு முன்னால் விண்டோஸ், 'இந்த டிரைவை ஃபார்மட் செய்யட்டுமா?' என்று பவ்யமாகக் கேட்டால் தலையாட்டிவிடக் கூடாது. எஸ்எஸ்டி என்றால் ஃபார்மட்டோடு சேர்ந்து, பழைய இடங்களெல்லாம் காலி என்ற தகவலும் அதற்குப் போய்விடலாம். அதன்பின் தேட எல்லைக்கல் இருக்காது.

இப்போதெல்லாம் பார்ட்டிஷனில் கை வைக்கும் முன், லினக்ஸில் எஸ்எஃப்டிஸ்க் கட்டளையால் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம்கூட வராத எழுத்துக்கோப்பு. முதல் 512 பைட்டை மட்டும் நகலெடுத்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதில் முதல் நாலு பார்ட்டிஷன்தான் இருக்கும். லாஜிக்கல் சங்கிலி டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கிறதே. எஸ்எஃப்டிஸ்க் அந்தச் சங்கிலியையும் சேர்த்து எழுதித் தரும். அந்தக் கோப்பை பென் டிரைவில் வைக்கிறேன். முதல் தடவை அதே டிஸ்க்கில்தான் வைத்திருந்தேன்.