தோட்டா உள்ளே போகிறதே என்று சுட்டுவிடாதீர்கள்

மறுபடியும் ஒரு வெப்லி மார்க் 6, பழைய பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர். மறுபடியும் சிலிண்டரில் விரிசல். தோட்டா உட்காரும் அறையின் சுவர் மெலிந்த இடத்தில் தலைமுடி போல ஒரு கோடு. எண்ணெயைத் துடைத்துவிட்டு பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிறது. கொண்டுவந்தவர் சொன்னதும் அதே பழைய வசனம்தான்: ".45 தோட்டா கச்சிதமாகப் போய் உட்கார்ந்ததே!"

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இந்தச் சேகரிப்பில் நம்மவர்கள் சிலரும் இறங்கியிருப்பதால் தமிழிலும் ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வெப்லி மார்க் 6 பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 1915-இல் வந்தது. அதற்குரிய தோட்டா .455. கனமான ஈயக் குண்டு, நிதானமான வேகம், குறைந்த அழுத்தம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவை உபரியாக இங்கே வந்து குவிந்தபோது .455 தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு; .45 ஏசிபி என்ற அமெரிக்கப் பிஸ்டல் தோட்டாவோ எந்தக் கடையிலும் கிடைத்தது. விற்றவர்கள் என்ன செய்தார்கள்? சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவிவிட்டார்கள். அதில் கிடைத்த இடைவெளியால், அரைநிலா கிளிப் என்ற அரைவட்டத் தகட்டில் மும்மூன்றாக .45 மாட்டிப் போடலாம். சரக்கும் விற்றுத் தீர்ந்தது.

.45 ஏசிபிக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. .455-க்கு சுமார் 13,000. இதற்கு மேல் விளக்கம் தேவையா?

தேவைப்படுகிறது போல. ஏனென்றால் அடுத்த வாதம் தயாராக இருக்கும்: "பரிசோதனை முத்திரை (சுட்டுச் சோதித்ததற்கான அடையாளம்) இருக்கிறதே!" ஐயா, அந்த முத்திரை குத்தப்பட்டது பிரிட்டனில், .455 தோட்டாவுக்கு. சீவியது அதற்கப்புறம். சீவியவர் முத்திரையை அழிக்கவில்லை, புதிதாகச் சோதிக்கவும் இல்லை. துப்பாக்கி அன்று இருந்த நிலைக்குத்தான் அந்த முத்திரை சாட்சி. இன்று உங்கள் கையில் இருப்பதற்கு அல்ல. கிரீடம், எழுத்து, எண் எல்லாம் பளிச்சென்று இருக்கலாம். அதனால் பின்பக்கம் யாரும் கைவைக்கவில்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்று: "இறக்குமதியாளர் முத்திரை இல்லை, அதனால் கைபடாத அசல்." பலருக்கும் இது தலைகீழாகவே புரிந்திருக்கிறது. அந்த முத்திரையைக் கட்டாயமாக்கியது 1968-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். சீவிய வெப்லிகள் பெரும்பாலும் அதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டன. முத்திரை இல்லாத வெப்லியைத்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

முத்திரையே உங்களைக் காப்பாற்றும் இடமும் உண்டு. அமெரிக்கத் தயாரிப்பான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ரிவால்வர்களில் பல போரின்போது பிரிட்டனுக்குப் போய், பின்பு உபரியாக விற்கப்பட்டவை. அவற்றின் குழலில் '.38 .767 3½ டன்' என்று குத்தியிருக்கும். (சிலவற்றில் 'நாட் இங்கிலீஷ் மேக்' என்றும் இருக்கும், போலி என்று பயந்து ஒருவர் என்னிடம் ஓடிவந்தார். வெளிநாட்டுத் தயாரிப்பு என்பதைத்தான் அது சொல்கிறது, அவ்வளவுதான்.) 3½ டன் என்பது அழுத்தக் கணக்கு. .767 என்பது தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில். .38 ஸ்பெஷல் என்பது வேறொரு தோட்டா, அதன் கூட்டின் நீளம் 1.155 அங்குலம். குழலில் .767 என்று இருந்தும் ஸ்பெஷல் முழுசாக உள்ளே போகிறது என்றால், யாரோ அறையை ஆழமாகக் கடைந்திருக்கிறார்கள். ஸ்பெஷலின் கூடு ஒல்லி, அசல் அறையோ அகலம். சுட்டதும் கூட்டின் அடிப்பக்கம் உப்பும். சில சமயம் பிளக்கும்.

சரி, வெப்லியை எப்படிப் பார்ப்பது? முதலில் காலி செய்யுங்கள், இரண்டாவது முறையும் பாருங்கள். மூடிவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்து, சிலிண்டருக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கவனியுங்கள். .455 தோட்டாவின் அடி விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். இடைவெளி அதைப்போல இருமடங்கு இருந்தால் சீவியது. சந்தேகமாக இருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சுட்டுப் பார்க்க வேண்டாம்.

சீவியதில் கடையில் வாங்கிய .45 ஏசிபி கூடவே கூடாது. "முந்தைய சொந்தக்காரர் இருபது வருஷம் சுட்டார்" என்பதும் ஆறுதல் இல்லை. அந்த இருபது வருஷத் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். ஈயக் குண்டும் குறைந்த வெடிமருந்தும் வைத்துத் தோட்டாவைக் கையால் நிரப்பும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். விரிசல் விட்டிருந்தால் வேறொரு வெப்லியின் சிலிண்டரை வாங்கி மாட்டிவிடலாம் என்று கிளம்பாதீர்கள், ஒவ்வொன்றையும் அதனதன் துப்பாக்கிக்கு ஏற்ப இழைத்துப் பொருத்த வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சீட்டில் விலையோடு 'சிலிண்டர் சீவியது' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை.