உல்ஃப்ஹவுண்ட்: 'ஓநாய்நாய்' இல்லை

ஓநாய்களை வேட்டையாட வளர்த்த நாய்க்கு ஆங்கிலத்தில் உல்ஃப்ஹவுண்ட் என்று பெயர். உல்ஃப் என்றால் ஓநாய், ஹவுண்ட் என்றால் நாய், ஆக 'ஓநாய்நாய்'. இப்படிப் பெயர்த்தால் ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்த கலப்பினம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அந்தக் கலப்பினத்துக்கு ஆங்கிலத்தில் உல்ஃப்டாக் என்று வேறு சொல்லே இருக்கிறது. உல்ஃப்ஹவுண்ட் ஓநாயின் உறவு அல்ல, எமன்.

சிக்கல் 'ஹவுண்ட்'டில். பழைய ஆங்கிலத்தில் 'ஹுண்ட்' எந்த நாயையும் குறித்தது. ஜெர்மனில் இன்றும் அப்படியே. பிற்பாடு 'டாக்' பொதுச்சொல்லாகிவிட, ஹவுண்ட் வேட்டைநாய்க்கு மட்டும் என்று சுருங்கியது.

இந்தப் பெயருக்கு முதல் உரிமை அயர்லாந்து நாய்க்கு. ஐரிஷ் மொழியில் வேட்டைநாய் 'கூ'. வசைச்சொல் அல்ல, வீரனுக்கு இடும் பட்டம். குலன் என்ற கொல்லனின் காவல்நாயைக் கொன்ற சிறுவன், அதற்கு ஈடாகத் தானே காவல் நின்று 'குலனின் நாய்' என்று பெயர் பெற்றதாக அவர்களின் பழங்கதை சொல்கிறது. நம் ஊரில் இப்படிப் பெயர் வைத்தால் வெட்டுக்குத்துதான்!

1652-இல், ஓநாய்த் தொல்லை மிகுந்ததால், இந்த நாய்களை அயர்லாந்திலிருந்து வெளியே கொண்டுபோக அந்நாட்டைப் பிடித்திருந்த ஆங்கிலேயரின் கிராம்வெல் ஆட்சி தடை போட்டது. அங்கே கடைசி ஓநாய் 1786-இல் கொல்லப்பட்டதாகச் சொல்வார்கள். வேலை போனபின் நாயும் அருகியது. எஞ்சியவற்றை ஸ்காட்லாந்து மான்வேட்டை நாய், கிரேட் டேன் முதலியவற்றோடு கலந்து 1860-களிலிருந்து மீட்டெடுத்தவர் கேப்டன் ஜார்ஜ் கிரஹாம். இன்றைய ஆண் நாய்க்குத் தோள் உயரமே குறைந்தது 79 செ.மீ. இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் உள்ள தட்டை நக்க அது எக்கவே வேண்டாம்.

ரஷ்யாவின் போர்சாய் நாய்க்கும் இதே தொழில்தான். இரண்டு மூன்றாகப் பாய்ந்து ஓநாயின் கழுத்தைக் கவ்வி, வேட்டைக்காரர் வரும்வரை அமுக்கிப் பிடிக்கும். ஆனால் அந்தப் பெயரில் ஓநாயே இல்லை. 'விரைவானது' என்றே பொருள். அமெரிக்காவில் 1936 வரை அதை 'ரஷ்ய உல்ஃப்ஹவுண்ட்' என்றார்கள்.

தமிழில்? இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நாம் ஊர்ப்பெயரால் அழைத்தோமே தவிர, அவை வேட்டையாடும் விலங்கின் பெயரால் அழைக்கவில்லை. கைகொடுக்க முன்மாதிரி இல்லை. 'ஓநாய் வேட்டைநாய்' என்று பிரித்தால் பழைய குழப்பம் திரும்பி வரும். 'ஓநாய்வேட்டை நாய்' என்று எழுதுங்கள். போர்சாயைப் போர்சாய் என்றே விட்டுவிடலாம்.