சார், புலி எத்தனை மணிக்கு வரும்?

முதுமலையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருப்பவனுக்குச் சம்பளம் போக உபரியாகக் கிடைப்பது சிரிப்பு. "புலி எத்தனை மணிக்கு வரும்?" என்பது அன்றாடக் கேள்வி. "நேத்து வந்தவங்களுக்கு மட்டும் காட்டினீங்களாமே?" என்பது அன்றாடப் புகார். கோடை சீசனில் ஒருவர் போனை எடுத்து இ-பாஸைக் காட்டி, "இதுல யானை, மான் எல்லாம் சேர்த்திதானே தம்பி?" என்றார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வண்டி நுழைய எடுக்க வேண்டிய பாஸ் அது. யானைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றதும் மனிதர் முகம் வாடிவிட்டது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் ஏறி நின்று, மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று சண்டை போட்டவர்களும் உண்டு.

இப்படிக் கேட்பவர்கள் யாரும் அறிவில்லாதவர்கள் இல்லை. நம்மில் பெரும்பாலோர் புலியை முதலில் பார்த்தது வண்டலூரில்தான். அங்கே பெயர்ப்பலகை இருக்கும், அதற்குப் பின்னால் புலியும் இருக்கும். அதே கணக்கோடு முதுமலையை ஒட்டிய மசினகுடிக்கு வருகிறார்கள். முதுமலை புலிகள் காப்பகம் வெளிவட்டப் பகுதியையும் சேர்த்து 688 சதுர கிலோமீட்டர். அதில் சஃபாரி வண்டி போவது ஒரு சில தடங்களில் மட்டும். நல்ல வெயிலில் புலி எங்காவது நிழலில், தண்ணீர் ஓரமாகப் படுத்துக் கிடக்கும். நாம் கட்டிய டிக்கெட் அதற்கு எப்படித் தெரியும்?

எனக்கு வருத்தம் வேறு. புலி, புலி என்று தேடும் கண்ணுக்கு எதிரே நிற்பது தெரிவதில்லை. ஒரு காலைச் சவாரியில் தடத்தின் நடுவில் செந்நாய்க் கூட்டம். செம்மண் நிற உடம்பு, கறுத்துப் புசுபுசுவென்று தொங்கும் வால், நுனி உருண்ட காது. இரண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் புல்லுக்குள் மூக்கை நுழைத்து எதையோ மோந்து கொண்டிருந்தது. வாயைச் சுற்றி ஈர ரத்தம். சற்று முன்புதான் மானை அடித்திருக்க வேண்டும். புல்லுக்குள் இருந்து விசில் அடித்த மாதிரி ஒரு குரல் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. என் நெஞ்சு படபடக்கிறது. பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா, "ஏம்ப்பா, காட்டுக்குள்ள தெருநாயை எல்லாம் ஏன் விட்டு வச்சிருக்கீங்க? கார்ப்பரேஷன்ல சொல்லிப் பிடிக்கக் கூடாதா?" என்றார். அவர் கணவர், "டிரைவர், ஹாரன் அடிங்க, போகட்டும்" என்றார். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு அது. வருஷக்கணக்காகக் காடு சுற்றியும் அதைக் கூட்டமாகப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா போனை எடுத்தார். அதற்குள் தடம் காலி.

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் காட்டுமாட்டைப் பார்த்து, "யாரோட மாடுங்க, கட்டி வைக்கறதில்லையா?" என்று கேட்பார்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருப்பதால், "சாக்ஸ் போட்டிருக்கு பாரு" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போவார்கள். வளர்ந்த கடா ஒரு டன் வரை வரும். அது பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடம்பையும் காட்டி நின்றால் போட்டோவுக்கு போஸ் கொடுக்கிறது என்று நினைக்காதீர்கள், 'என் அளவைப் பார், விலகிப் போ' என்கிறது. மூக்கால் சீறினால் இன்னும் மோசம். முதுகைக் காட்டி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

குறிஞ்சி கேட்பவர்கள் தனி ரகம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030. இதைச் சொன்னால், "கொஞ்சம் எங்கேயாவது பூத்திருக்குமே, விசாரிச்சுச் சொல்லுங்களேன்" என்பார்கள். குறிஞ்சி இனத்தில் வேறு வேறு ஆண்டுக் கணக்கில் பூக்கும் செடிகள் பல உண்டு. அதனால்தான் அடிக்கடி 'குறிஞ்சி பூத்தது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

ஆனால் காட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, "என்ன அழகா வளர்த்திருக்கீங்க!" என்று பாராட்டுகிறவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கே தெரிவதில்லை. அது மஞ்சள் கொன்றை என்கிற சென்னா ஸ்பெக்டாபிலிஸ், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். அது மண்டிய இடத்தில் மானுக்குப் புல் முளைக்காது. வனத்துறை அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறது. "நல்ல பூ மரத்தை வெட்டறாங்களே, கேட்பாரே இல்லையா?" என்று அதற்கும் புகார் வந்துவிட்டது!

சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. "காசு கொடுத்தோம், ஒண்ணும் காட்டல" என்ற புகார் வெளியே போனதும், அதைக் காசாக்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். "ராத்திரி வாங்க அண்ணா, ஜீப்ல கூட்டிட்டுப் போறேன், புலி கேரண்டி" என்பார்கள். ராத்திரி சஃபாரி சட்டவிரோதம். மாட்டினால் வண்டியோடு நீங்களும் மாட்டுவீர்கள். கர்நாடகப் பக்கம் பந்திப்பூர் காடு வழியாகப் போகும் நெடுஞ்சாலையை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடி வைத்திருப்பதே அந்த நேரம் ரோடு விலங்குகளுக்கு வேண்டும் என்பதற்காகத்தான். "ஏன் இத்தனை ஸ்பீடு பிரேக்கர், முதுகு வலிக்குது" என்பவர்களுக்கும் இதே பதில்தான். அடிபட்டுக் கிடந்த மானை ரோட்டிலிருந்து இழுத்துப் போட்டவர்களுக்கு அந்த மேடுகளின் மேல் கோபம் வராது.

அசட்டுக் கேள்வி கேட்பவரைவிட, எதுவுமே கேட்காமல் காரை விட்டு இறங்குகிறவரைக் கண்டால்தான் எனக்குப் பயம். ரோட்டோரம் யானை மேய்ந்துகொண்டு காதை விசிறியபடி இருந்தால் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். காதை விரைப்பாக விரித்து, தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள். துதிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு வந்தால் அது வெறும் மிரட்டல் இல்லை. ஹாரன் வேண்டாம், லைட்டை மினுக்க வேண்டாம், செல்ஃபியே வேண்டாம். மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். விலங்கைச் சீண்டுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, யானையிடம் போய் சட்டம் பேச முடியாது.

சில கேள்விகள் அசடாகத் தோன்றினாலும் அருமையானவை. முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமில் பாகன்கள் ராகி, கொள்ளு, அரிசிக் கவளத்தை உருட்டி யானை வாயில் வைப்பதைப் பார்த்து ஒரு சிறுமி, "இவ்ளோ பெரிய யானைக்கு இந்த உருண்டை எப்படிப் போதும்?" என்றாள். போதாதுதான். யானைக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு கிலோ தீனி வேண்டும். மீதியை அது காட்டில் மேய்ந்து தேடிக்கொள்கிறது. கவளம் சத்துக்காகக் கொடுப்பது. அவள் அப்பா அதே நேரத்தில், "ஆஸ்கார் வாங்கின யானை இதுல எது?" என்று தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்கார் வாங்கியது யானை இல்லை, இந்த முகாம் யானைகளைப் பற்றிய ஆவணப்படம்.

அதனால் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பாதி வழியில், சுற்றிலும் புதர் மண்டிய இடத்தில், "தம்பி, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து சஃபாரி வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே கேட்டு முடித்துவிடுங்கள். நடுவழியில் யாரையும் இறக்கிவிட எங்களுக்கு அனுமதி இல்லை.