டெம்ப்ளேட் என்றால் பழைய டிராயிங் அல்ல

நான் முதன்முதலில் சேர்ந்தது கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் டிசைன் பிரிவு. முதல் நாள், ஒவ்வொரு புதுப் படத்தையும் தொடங்க எடுக்கும் அடிப்படைக் கோப்பைத் தேடி, சீனியரிடம் கேட்டேன்: "டெம்ப்ளேட் எங்கே சார் இருக்கு?" அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த 5 ஹெச்பி டிராயிங்கைத் திற தம்பி. சேவ் ஆஸ் போடு. உள்ள இருக்கிறதை அழிச்சிடு. அதான் டெம்ப்ளேட்."

அப்படித்தான் செய்தேன். பம்பு அழிந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. எதற்கென்றே தெரியாத லேயர்கள் (கோடுகளை வகைவாரியாகப் பிரித்து வைக்கும் அடுக்குகள்), மூன்று விதமான அளவுக் குறிப்பு ஸ்டைல்கள், படத்தின் ஓரத்தில் விவரங்கள் எழுதும் டைட்டில் பிளாக்கில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயர். நான் வரைந்த படங்கள் சில மாதங்கள் அவர் பெயரிலேயே, இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிக்குப் போயின. ஒரு நாள் ஃபவுண்டரியிலிருந்து போன் செய்து அவரைத்தான் கேட்டார்கள்.

அப்போதிருந்தே இந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு கண். டெம்ப்ளேட் என்ற சொல்லை எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஆளுக்கொரு பொருளில் சொல்கிறோம்.

சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் இது 'டெம்ப்லெட்' என்றுதான் இருந்தது. கட்டடத்தில் உத்தரத்தின் அடியில் பாரம் தாங்க வைக்கும் கட்டையை அது குறித்தது. அதற்கும் முன்னால் பிரெஞ்சு மொழியில் தறியோடு தொடர்புள்ள ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. நெய்யும்போது ஊடை நூல் இழுக்க இழுக்கத் துணி அகலம் குறுகிக்கொண்டே வரும். அப்படிக் குறுகாமல் இரண்டு கரைகளையும் விறைப்பாகப் பிடித்து நிறுத்த, முனைகளில் ஊசி வைத்த ஒரு குச்சியைக் குறுக்கே மாட்டுவார்கள். நெசவு முன்னேற முன்னேறக் குச்சியையும் நகர்த்திக்கொண்டே போவார்கள். பிறகு தகடு வெட்டுபவரும் கல் செதுக்குபவரும் அளவு பிசகாமல் இருக்க வைத்துக்கொண்ட மாதிரித் தகட்டுக்கு அந்தச் சொல் போனது. தகடு என்றால் 'பிளேட்' அல்லவா? அந்த ஓசையில் கடைசி அசையும் 19ஆம் நூற்றாண்டில் 'பிளேட்' ஆகிவிட்டது. மூலத்தில் பிளேட்டே கிடையாது.

எனக்கு அந்தத் தறிக்குச்சி மிகவும் பிடித்துவிட்டது. அது துணியில் ஒரு நூலைக்கூடச் சேர்ப்பதில்லை. நெய்து முடித்த துணியில் அது இருக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் துணியின் அகலம் ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி.

சரி, தமிழில் என்ன சொல்வது?

முதலில் கைக்கு வருவது 'மாதிரி'. அது சாம்பிளுக்குப் போய்விட்டது. "மாதிரி டிராயிங் கொடு" என்றால் முடிந்த படம் ஒன்றைப் பார்வைக்குக் கேட்கிறார்கள் என்றுதான் புரியும். என் சீனியர் செய்த குழப்பமே அதுதான். மாதிரியையும் டெம்ப்ளேட்டையும் ஒன்றாக்கிவிட்டார். 'படிவம்' என்றால் நிரப்பித் தரவேண்டிய விண்ணப்பம். தாலுகா அலுவலகம்தான் நினைவுக்கு வரும்.

'அச்சு' நல்ல சொல். அச்சு முறுக்கும் அச்சு வெல்லமும் தெரியாத வீடு உண்டா? அச்சை எண்ணெயில் சூடாக்கி மாவில் தோய்த்து மறுபடி எண்ணெயில் விட்டால் முறுக்கு கழன்று வரும். அச்சு கையில் நிற்கும். அச்சில் ஓர் இதழ் உடைந்திருந்தால் அன்றைக்குச் சுட்ட அத்தனை முறுக்கிலும் ஓர் இதழ் குறையும். டெம்ப்ளேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. ஆனால் வரைபட மென்பொருளுக்குள் அச்சு ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்பது ஒன்று. பிரிண்ட் எடுப்பது இன்னொன்று. மூன்றாவதையும் அதன் தலையில் கட்டினால் "அச்சை மாற்று" என்பதற்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது.

'கட்டளை'யும் அப்படித்தான். பழைய அகராதிகளில் அதற்குச் செங்கல் அறுக்கும் சட்டம் என்ற பொருளும் உண்டு. அழகான பொருள், ஆனால் இன்று கட்டளை என்றால் கமாண்ட்.

மிஞ்சி நிற்பது 'வார்ப்புரு'. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒருமுறையாவது தொகுத்தவர்களுக்கு இது பழகிய சொல். அங்கே டெம்ப்ளேட் பக்கங்களின் பெயரே 'வார்ப்புரு:' என்றுதான் தொடங்கும். வார் என்றால் ஊற்று. தோசை வார்ப்பதும் தாரை வார்ப்பதும் இரும்பு வார்ப்பதும் ஒரே வினைதான். உரு என்றால் வடிவம். எழுத்துரு என்று ஃபான்ட்டுக்கு வைத்ததும் இதே உருதான்.

கோவைக்காரனுக்கு இந்தச் சொல்லில் ஒரு சின்ன உறுத்தல் இருக்கும். ஃபவுண்டரியில் வார்த்து எடுத்த பொருளைத்தான் வார்ப்பு என்போம். அப்படியானால் வார்ப்புரு என்பது வார்த்து வந்த உருவா, வார்ப்பதற்கான உருவா? சொல்லை மட்டும் பார்த்தால் இரண்டு வழியிலும் பிரிக்கலாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டாவது: மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் இரும்பை ஊற்ற உதவும் மரப் பேட்டர்ன். அந்தப் பேட்டர்ன் பம்பின் நகலும் அல்ல. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சுருங்கும் என்பதால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வார்கள். பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துவைத்துச் செய்த பொருள் அது. பழைய பம்பையே மணலில் பதித்து வார்த்தால் என்ன ஆகும்? சுருங்கிப்போன பம்பு வரும். பழைய டிராயிங்கை சேவ் ஆஸ் போடுவது அதுதான்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் சாதாரணப் படம் டிடபிள்யூஜி கோப்பு, வார்ப்புரு டிடபிள்யூடி. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். வேறுபாடு திறக்கும் விதத்தில் இருக்கிறது: வார்ப்புருவிலிருந்து 'நியூ' கொடுத்தால் பெயரில்லாத புதுப் படம் பிறக்கும், வார்ப்புரு அப்படியே இருக்கும். அதற்குள் என்ன வைக்கலாம்? அலகு மில்லிமீட்டர் என்பது, லேயர்கள், கோடுகளின் வகை, எழுத்தின் உயரம், அளவுக் குறிப்பு ஸ்டைல், 420-க்கு 297 ஏ3 தாளும் மற்ற தாள்களும், டைட்டில் பிளாக், நம் நாட்டு வழக்கப்படி முதல் கோண வீழல் (பொருளின் பல பக்கக் காட்சிகளைத் தாளில் அடுக்கும் ஒரு முறை) என்று காட்டும் குறியீடு. அலகை யாரும் மதிப்பதில்லை; ஆனால் அங்குலத்தில் பிறந்த படத்திலிருந்து ஒரு போல்ட்டை மில்லிமீட்டர் படத்துக்குள் கொண்டுவரும்போது, அலகு சரியாகப் பதிவாகியிருக்காவிட்டால் அது 25.4 மடங்கு தவறாக வந்து உட்காரும்.

இங்கேதான் 'வார்ப்புரு' என்ற சொல் 'டெம்ப்ளேட்'டைவிட நன்றாக வேலை செய்கிறது. வார்ப்பு என்றதுமே தெரிந்துவிடுகிறது, இது பிறக்கும்போது மட்டும் செல்லும் விஷயம் என்று. பேட்டர்னை இன்று செதுக்கித் திருத்தினால் நேற்று வார்த்த பம்பு மாறுமா? மாறாது. அதுபோல டிடபிள்யூடி கோப்பில் லேயரின் நிறத்தை மாற்றினால் போன மாதப் படங்களில் ஒன்றும் நடக்காது. "டெம்ப்ளேட்டை அப்டேட் பண்ணிட்டேன், ஏன் சார் மாறல?" என்று கேட்காத புதுப் பையன் இல்லை.

ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் எல்லாமே வார்ப்புரு அல்ல. எந்த நிறம் எந்தத் தடிமனில் பிரிண்ட் ஆகவேண்டும் என்று சொல்லும் சிடிபி கோப்பு படத்துக்குள் இருப்பதில்லை. அதன் பெயர் மட்டும்தான் படத்தில் இருக்கும். அதை இன்று திருத்தினால் பழைய படங்களும் இன்றிலிருந்து புது மாதிரி பிரிண்ட் ஆகும். வெளி ஆளுக்குப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு அந்தக் கோப்பை விட்டுவிட்டால், அவர் எடுக்கும் பிரிண்டில் கோடுகளின் தடிமன் நாம் நினைத்தபடி இருக்காது. இதை வார்ப்புரு என்று சொல்லக் கூடாது. 'பொது அமைவு' என்று நான் சொல்கிறேன். செட்டிங்ஸுக்கு அமைவு என்ற சொல் போதும். எல்லோருக்கும் ஒன்று என்றால் பொது அமைவு.

டைட்டில் பிளாக் இரண்டு பக்கமும் நிற்கும். பிளாக்காக, அதாவது ஒரே துண்டாகக் கட்டிய படமாக, உள்ளே செருகினால் வார்ப்புருவோடு பிறந்து அப்படியே உறைந்துவிடும். எக்ஸ்ரெஃபாக, அதாவது தனிக் கோப்பாகவே வைத்து, வெளியிலிருந்து இணைத்தால் பொது அமைவு. கம்பெனியின் முகவரி மாறினால் ஒரு கோப்பில் திருத்தினால் போதும். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. நான் சட்டத்தையும் லோகோவையும் வெளியே வைப்பேன், பெயர், தேதி, திருத்த எண் கட்டங்களை உள்ளே வைப்பேன்.

சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் இந்தப் பிரிவை முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அதன் ஆப்ஷன்ஸ் ஜன்னலில் இரண்டு தாவல்கள்: ஒன்று கம்ப்யூட்டரில் தங்குவது, மற்றது ஆவணத்தில் தங்குவது. இரண்டாவதில் இருப்பது வார்ப்புருவோடு போகும். முதலாவதைத் தனியாக ஏற்றுமதி செய்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இறக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, நம் ஆட்கள் அதிகம் தொடாதது. ஆட்டோகேடின் டிடபிள்யூஎஸ் கோப்பு. இது எதையும் பிறப்பிக்காது. வரைந்த படத்தை இதோடு ஒப்பிட்டு, இந்த லேயர் நம் கணக்கில் இல்லை, இந்த எழுத்து ஸ்டைல் வேறு என்று காட்டிக்கொடுக்கும். பொன்னை உரசிப் பார்க்கும் கட்டளைக்கல்தான் இது. 'உரைகல் கோப்பு' என்று எங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் "உரைகல்ல போட்டுப் பாத்தியா?" என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒழுங்குபடுத்துவதில் பெரிய சூட்சுமம் ஏதும் இல்லை. சர்வரில் ஒரு ஃபோல்டர், அதில் எழுதும் உரிமை ஒருவருக்கு மட்டும், மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஆப்ஷன்ஸில் வார்ப்புருவின் இடத்தை அந்த ஃபோல்டருக்குத் திருப்பி, 'நியூ' பட்டனை அழுத்தியதும் எந்த வார்ப்புரு வரவேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்யாத அலுவலகங்களில்தான் சேவ் ஆஸ் ராஜ்யம் நடக்கிறது. சரியானதைத் தேடி எடுக்க நாலு கிளிக், தவறானதை எடுக்க இரண்டு கிளிக் என்றால் மனிதன் எதைச் செய்வான்?

பேச்சில் நாங்கள் இன்னும் டெம்ப்ளேட் என்றுதான் சொல்கிறோம். குறிப்பேட்டில் மட்டும் வார்ப்புரு, பொது அமைவு, உரைகல் என்று மூன்று தலைப்புகள். வார்ப்புரு என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: 'வரைந்தவர்' கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்.