டிஸெபிலிட்டி பர்சன்டேஜ்: இயலாமை விழுக்காடு

உச்சிப்புளி, தேவிபட்டினம், சாயல்குடி பக்கம் பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர்கள் சந்தித்தால், ‘டிஸெபிலிட்டி எத்தனை பர்சன்ட் போட்டாங்க?’ என்ற கேள்வி வரும். பணியிலிருந்து விடுவிக்கும்போது ராணுவ மருத்துவக் குழு எழுதித் தரும் எண் அது. உடல் எவ்வளவு இயலாமல் போனது என்பதன் அளவு. ஓய்வூதியத்தோடு கிடைக்கும் இயலாமைத் தொகை அதைப் பொறுத்தது. முதுகில் அடிபட்டவரின் தாளில் ‘பி.ஐ.வி.டி. எல்4-எல்5’ என்றிருக்கும். நம் பேச்சில் கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கல். பக்கத்தில் 20 என்று ஓர் எண்.

லத்தீனில் ‘ஹபிலிஸ்’ என்றால் கையாளத் தக்கது, தகுதியுள்ளது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ஏபிள்’ ஆனது. முன்னால் ‘டிஸ்’ சேர்ந்ததும் முடியாமை என்றாகிவிட்டது.

தமிழில் இதை ‘ஊனம்’ என்றே நெடுநாள் எழுதிவந்தோம். வடமொழி ‘ஊன’, அதாவது குறைவு, என்பதிலிருந்து வந்தது. முதுகுக்காரர்களுக்கு இந்தச் சொல் பெரும் கெடுதல் செய்கிறது. ‘கைகால் நல்லாத்தானே இருக்கு, எனக்கேது ஊனம்?’ என்று அந்தத் தொகைக்கு மனுவே போடாமல் இருந்துவிடுகிறார்கள். ‘மாற்றுத்திறனாளி’ மரியாதையான சொல்தான், ஆனால் ஆளைக் குறிப்பது. அளவைச் சொல்ல உதவாது. ‘இயலாமை’ சரியாகப் பொருந்துகிறது. இயல் என்ற வினை, எதிர்மறை ஆ, மை விகுதி. குனிந்து மீன்கூடையைத் தூக்க இயலவில்லை, ராமநாதபுரம் வரை பஸ்ஸில் உட்கார்ந்து போக இயலவில்லை. வெளியே தெரியாத காயத்தையும் இந்தச் சொல் ஏற்றுக்கொள்கிறது.

எண் மட்டும் போதாது. பணியால் நேர்ந்தது (‘அட்ரிபியூட்டபிள்’) அல்லது பணியால் கூடியது (‘அக்ரவேட்டட்’) என்றும் தாளில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்று எழுதிவிட்டால் விழுக்காடு எவ்வளவு இருந்தும் இயலாமைத் தொகை மறுக்கப்படும். சேரும்போது பதிவாகாத நோய் பின்னால் வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தொகைக்குப் பொதுவாகக் குறைந்தது 20 விழுக்காடு வேண்டும். 20 முதல் 50-க்குள் இருந்தால் 50 என்று முழுமையாக்குவார்கள். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்த முழுமையாக்கல் உண்டென்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெற்றோருக்குப் புது விதிகள். அவர்கள் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் துறைக்குள் மேல்முறையீடு. அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. மருத்துவக் குழுத் தாளின் நகலோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம்.