ஜூரிச் – மிலான் ஃப்ளைட்: எங்க குலுங்கும், ஏன் குலுங்கும்?

ஜூரிச்ல இருந்து மிலான் நேர்கோட்டுல பாத்தா 200 கிலோமீட்டர் சொச்சம்தான், டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்குப் பக்கமா போட்டிருப்பாங்க, அதுலயும் ரன்வேக்கு உருண்டு போற நேரத்தைக் கழிச்சா காத்துல இருக்கறது முக்கால் மணி கூடத் தேறாது. இத்துனூண்டு தூரத்துக்கு ஏன் இந்தக் குலுக்கு, நியூயார்க் போறப்ப கூட இப்படி ஆடலையேன்னு கேப்பாங்க. தூரம் கம்மியா இருக்கறதுதான் சிக்கலே.

பெரிய ஃப்ளைட் முதல் அரை மணியில 30,000 அடியைத் தாண்டி மேகம் மழை எல்லாத்தையும் பெரும்பாலும் கீழ விட்டுட்டு மணிக்கணக்கா ஓடும். குட்டி ஃப்ளைட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, ஏறி முடிக்கறதுக்குள்ள இறங்க ஆரம்பிக்கணும். ஆக வெயில் சூடு, மேகம், மலைக்காத்து இருக்கற அடுக்குலயே முக்கால்வாசி நேரம் போயிடும். போதாததுக்கு நடுவுல ஆல்ப்ஸ்.

ஆத்துல முங்கிக் கிடக்கற பாறையைப் பாத்திருப்பீங்க. தண்ணி அது மேல ஏறி இறங்கினதும் அடங்கிடாது, பாறையைத் தாண்டியும் கொஞ்ச தூரத்துக்கு மேடும் பள்ளமுமா நிக்கும், தண்ணி ஓடிட்டே இருக்கும் ஆனா அந்த மேடு மட்டும் நகராது. 4,000 மீட்டர் சிகரங்களுக்குக் குறுக்கா பலமா காத்து அடிச்சா வானத்துலயும் இதே கதைதான், என்ன, இங்க ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் பத்து கிலோமீட்டர் போல இடைவெளி இருக்கும். அந்த அலைக்குள்ள ப்ளேன் போனா பெரும்பாலும் ஊஞ்சல் மாதிரி மெதுவா ஏத்தி இறக்கும், அது பரவால்ல. நிஜமா தூக்கிப் போடறது அலைக்கு அடியில, கிட்டத்தட்ட மலை உச்சி உயரத்துல உருளை மாதிரி சுத்தற காத்து. பைலட்டுங்க அதை ரோட்டார்னு சொல்வாங்க.

தெக்க இருந்து மலையைத் தாண்டி வடக்க இறங்கற சூடான காத்துக்கு அந்த ஊர்ல ஃபோன்னு பேரு (கையில வெச்சிருக்கற ஃபோன் இல்லைங்க). அது அடிக்கற நாள்ல சுழல் எல்லாம் வடக்குப் பக்கம் இருக்கும், ஜூரிச்ல ஏறி மலையை நெருங்கறப்பவே ஆட்டம் ஆரம்பிச்சுடும். காத்து வடக்க இருந்து அடிச்சா அப்படியே தலைகீழ், மலைக்குத் தெக்க இருக்கற லுகானோ ஊரைத் தாண்டி மிலானுக்கு இறங்கறப்ப வாங்குவீங்க. இதுல வேடிக்கை என்னன்னா, ஃபோன் நாள்ல ஜூரிச்ல பல சமயம் வானம் பளிச்சுன்னு இருக்கும், மலை கையால தொடற தூரத்துல இருக்கற மாதிரி தெரியும், ஆஹா இன்னைக்கு ஃப்ளைட் ஜம்முன்னு போகும்னு நினைப்போம், அன்னைக்குத்தான் குலுக்கும். மைசூர் பருப்பு வடிவத்துல ஒரு மேகம் நகராம அப்படியே நின்னுட்டு இருந்தா அலை இருக்குன்னு அர்த்தம்.

கோடையில கதை வேற. ஜூலை மதியம் மிலான் இருக்கற போ ஆத்துச் சமவெளி நல்லா சூடாகி காத்து குமிழ் குமிழா மேல கிளம்பும், காலிஃப்ளவர் மாதிரி மேகம் வளரும், சாயங்காலம் மலையடிவாரத்துல இடியோட கொட்டும். மழை மேகம் ரேடார்ல தெரியும், பைலட் சுத்திப் போயிடுவார். ஈரமே இல்லாத காத்துல இருக்கற குலுக்கல் அதுல தெரியாது. குளிர்காலத்துல அதே சமவெளி பனிமூட்டத்துல கிடக்கும், ரன்வே கண்ணுக்குத் தெரியாது ஆனா காத்து அசையாம இருக்கறதால ப்ளேன் படகு மாதிரி இறங்கும். ஜெட் ஸ்ட்ரீம்ங்கற வேகமான காத்தோட்டம் 9-12 கிலோமீட்டர் உயரத்து சமாச்சாரம், அதைப் பத்தி லண்டன்ல இருந்து வர்றவங்க கவலைப்படட்டும்.

ஆயிரம் அடி விழுந்துட்டோம்னு சொல்றவங்க கணக்கு பெரும்பாலும் தப்பு, நம்ம காதுக்குள்ள இருக்கற உறுப்புக்கு வேகம் மாறறது தெரியும், எவ்ளோ இறங்கினோம்னு அளக்கத் தெரியாது. 2024 மே 21-ல லண்டன்ல இருந்து போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் மியான்மர் மேல குலுங்கி ஒருத்தர் இறந்துட்டாரே, அப்ப 6,000 அடி விழுந்துச்சுன்னு செய்தி ஓடுச்சு. விசாரணையில பாத்தா திடீர்னு இறங்கினது 4.6 செகண்ட்ல 178 அடி, அந்த 6,000 அடி அப்புறம் பைலட்டே நிதானமா இறக்கினது. ஆனா 178 அடியே பெல்ட் போடாதவங்களைக் கூரையில முட்ட வெச்சுடுச்சு.

றெக்கை உடைஞ்சுடும்னு மட்டும் பயப்படாதீங்க. சாதாரணமா தாங்கற பாரத்தைப் போல ரெண்டரை மடங்கு, அந்த ரெண்டரை மடங்கையும் ஒன்றரையால பெருக்கின பாரத்தைத் தாங்கினாத்தான் பறக்க அனுமதியே. 1995-ல போயிங் 777 றெக்கையை வேணும்னே வளைச்சுப் பாத்தாங்க, அந்த ரெண்டரை மடங்கு பாரத்துல 154 சதவீதம் வந்தப்புறம்தான் உடைஞ்சுது.

ஜூலைல போனா காலை ஃப்ளைட்டைப் பிடிங்க. சீட்டு றெக்கைக்கு நேரா எடுங்க, வால் பக்கம் பஸ்ல கடைசி சீட்டு மாதிரிதான். ஒரே குறை, ஜன்னல்ல பாதிக்கு றெக்கைதான் தெரியும், மைசூர் பருப்பு மேகத்தைப் பாக்கணும்னா பின்னாடி போய்த்தான் உக்காரணும்.