டாக்டர் ஆனது எந்த நாளில்?

பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த முதல் வாரம். வார்டில் யாரோ "டாக்டர்!" என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சில மாதம் கழித்து, ரயிலில் யாரோ யாரையோ டாக்டர் என்று அழைக்க, சட்டென்று நான் எழுந்து நின்றேன். நடுவில் என்ன நடந்தது? எந்தத் தேர்விலும் அது கேள்வியாக வரவில்லை.

மருத்துவக் கல்வியில், மருத்துவரின் திறமையைப் படிப்படியாக மதிப்பிட மில்லர் பிரமிடு என்று ஒன்று உண்டு. 1990-இல் வந்தது. ஒரு விஷயம் தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்ட வரும், அன்றாட வேலையில் செய்கிறார் என்று நான்கு படிகள். 2016-இல் மருத்துவக் கல்வி ஆய்வாளர்களான குரூஸ் தம்பதியும் ஸ்டைனெர்ட்டும் அதன் உச்சியில் ஐந்தாவது படியைச் சேர்க்கலாம் என்றார்கள்: மருத்துவராகவே ஆகிவிடுதல்.

அந்தப் படியை வகுப்பறையில் ஏறுவதில்லை. வார்டில் மூத்தவர்களைப் பார்த்துத்தான் ஏறுகிறோம். என் மூத்த மருத்துவர் ஒருவர், சாவுச் செய்தி சொல்லும் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு, உறவினருக்கு எதிரே உட்காருவார். நின்றுகொண்டு சொன்னதே இல்லை. இன்னொருவர் நோயாளியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார். "பத்தாம் நம்பர் லிவர்" என்பார். இரண்டுமே எனக்கு ஒட்டிக்கொண்டன. இரண்டாவதை உதற வருடக்கணக்கானது.

சரி, 'நான் டாக்டர்' என்ற இந்த அடையாளம் நல்லதுதானே? நல்லதுதான். நடுராத்திரி மூன்று மணிக்கு எழுப்பினாலும் கை நடுங்காமல் நிற்க வைப்பது அதுதான். சிக்கல், அதைக் கழற்றத் தெரியாதபோது வருகிறது. டாக்டருக்குக் காய்ச்சல் வரக்கூடாது, அழுகை வரக்கூடாது என்று நாமே நம்பத் தொடங்குகிறோம். மருத்துவர்களின் உறுதிமொழியான ஜெனீவா பிரகடனம் 1948-இல் எழுதப்பட்டது. மருத்துவர் தன் உடல்நலத்தையும் கவனித்துக்கொள்வார் என்ற வரி அதில் ஏறியது 2017-இல்தான். கிட்டத்தட்ட எழுபது வருடம்!

எனக்கும் நெஞ்செரிச்சல் நாலு மாதம் இருந்தது. நானே மாத்திரை எடுத்துக்கொண்டேன். நோயாளி அப்படிச் செய்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். தூக்கம் கெட்டாலும், நோயாளிகள் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வந்தாலும், லீவு போடவே குற்ற உணர்ச்சியாக இருந்தாலும் இன்னொரு மருத்துவரிடம் போங்கள். நடைபாதையில் நண்பரை நிறுத்தி அரை நிமிடம் கேட்பது கணக்கில் வராது. டோக்கன் வாங்கி, உட்கார்ந்து, பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மருத்துவர் இருப்பவர்களும் இதைக் கேட்டுத் தொல்லை கொடுக்கலாம்.

ஒருவழியாக நானும் போனேன். "நாலு மாதமாக, சாப்பாட்டுக்குப் பின் அதிகரிக்கும், பரவாத..." என்று ரவுண்ட்ஸில் கேஸ் சொல்வதுபோல ஒப்பிக்க ஆரம்பித்தேன். என்னைப் பார்த்த டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் நான் எழுதிக்கிறேன். உங்களுக்கு என்ன செய்யுது, அதைச் சொல்லுங்க."

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.